பாய்மரப் போர்க்கப்பலில் அதிகாரி வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது ஏறத்தாழ 1750 முதல் 1815 வரையிலான பிரிட்டிஷ் கடற்படையைப் பற்றி. பாய்மரக் கப்பல் என்றதும் எல்லோருக்கும் பீரங்கிப் புகைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் காலத்து அதிகாரிகளின் வாழ்க்கையைப் படித்துப் பார்த்தால், பீரங்கியைவிட அதிகமாக வருவது சிபாரிசும் சீனியாரிட்டியும்தான். அரசு அலுவலகத்தில் பத்து வருடம் குப்பை கொட்டியவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும்.

எந்த வயதில் கப்பலில் ஏறினார்கள்?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில். ஹொரேஷியோ நெல்சன் 1771-இல் 'ரெய்ஸனபிள்' என்ற கப்பலில் சேர்ந்தபோது அவருக்கு வயது 12. கப்பலின் கேப்டன் மாரிஸ் சக்லிங், நெல்சனின் தாய்மாமா. தாய் இறந்துபோயிருந்தார், தந்தை கிராமத்துப் பாதிரியார், வீட்டில் பிள்ளைகள் அதிகம். மாமா கைகொடுத்தார்.

போர்ட்ஸ்மத்தில் 1733 முதலே கடற்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. ஆனால் அதில் படித்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலான பையன்கள் 'கேப்டனின் பணியாள்' என்ற பெயரில் சேர்ந்தார்கள். பெயர்தான் பணியாள், தட்டுக் கழுவும் வேலை இல்லை. ஒரு கேப்டன் இத்தனை பையன்களைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு உண்டு. அந்த இடங்களைத் தன் தம்பி மகன், நண்பர் மகன், ஓட்டுப் போட்ட பண்ணையாரின் மகன் என்று நிரப்பிக்கொள்வார். அதாவது எதிர்கால அதிகாரி யார் என்பதை முதலில் முடிவு செய்தது அரசு அல்ல, தனித்தனிக் கேப்டன்கள். 1794-இல் இந்தப் பெயரை 'தன்னார்வலர்' என்று மாற்றினார்கள். ஆளைப் பிடிக்கும் வழி அவ்வளவாக மாறவில்லை.

குழந்தைகளின் பெயரைக் கப்பல் பதிவேட்டில் எழுதிவைத்தார்களாமே?

எழுதினார்கள். விதிப்படி அது குற்றம், ஆனால் ஊரெல்லாம் நடந்தது. அதிகாரிப் பதவியின் முதல் படியான லெப்டினன்ட் ஆவதற்கு ஆறு வருடக் கடல் சேவை வேண்டும். பையன் வீட்டில் பம்பரம் விட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், உண்மையில் கப்பலேறும் நாளில் கையில் சில வருட 'சர்வீஸ்' இருக்கும்.

தாமஸ் காக்ரேனின் சித்தப்பா அலெக்சாண்டர் காக்ரேன் இப்படித்தான் செய்தார். சிறுவயதிலேயே அண்ணன் மகனின் பெயர் பல கப்பல்களின் பதிவேட்டில் ஏறிவிட்டது. பையன் நிஜமாகக் கப்பலில் கால் வைத்தது 1793-இல், 17 வயதில். 1796-இல் லெப்டினன்ட். மூன்று வருடத்தில் ஆறு வருட அனுபவம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் கடற்படை ஊழலை எதிர்த்து நாடாளுமன்றத்தில் அதிகம் சத்தம் போட்டவரும் இதே தாமஸ் காக்ரேன்தான்.

லெப்டினன்ட் தேர்வு எப்படி இருக்கும்?

வாய்மொழித் தேர்வு. லண்டனில் மூன்று மூத்த கேப்டன்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு வருட சேவையில் குறைந்தது இரண்டு வருடம் மிட்ஷிப்மேன் (அதிகாரி ஆகப் பயிற்சி பெறும் பையன்) அல்லது அதற்கு இணையான பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். தான் எழுதிய கப்பல் நாட்குறிப்புகளையும், பழைய கேப்டன்களிடம் வாங்கிய நன்னடத்தைச் சான்றுகளையும் பையன் கொண்டுபோக வேண்டும். காற்று திடீரென்று திசை மாறுகிறது, பக்கத்தில் பாறைக்கரை, என்ன செய்வாய் என்ற மாதிரிக் கேள்விகள். பாய்களை எந்த வரிசையில் சுருட்டுவது, கயிறு அறுந்தால் என்ன மாற்று, சூரியனின் உயரத்தை வைத்து இருக்கும் இடத்தை எப்படிக் கணக்கிடுவது என்று போகும். ராணுவத் தந்திரம் பற்றி அதிகம் கேட்க மாட்டார்கள். கப்பலை மூழ்கவிடாமல் ஓட்டத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

நெல்சன் 1777 ஏப்ரல் 9 அன்று தேர்வு எழுதினார், அதாவது பதில் சொன்னார். தேர்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் மாமா சக்லிங். குறைந்தபட்ச வயது 20. நெல்சனுக்கு 18. சான்றிதழில் '20 வயதுக்கு மேல் இருப்பதாகத் தெரிகிறது' என்று எழுதிக் கொடுத்தார்கள். நெல்சன் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. மாமா இல்லாவிட்டால் அந்தத் திறமை வெளியே தெரிய இன்னும் எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்பதுதான் விஷயம்.

பணம் கொடுத்துப் பதவி வாங்க முடியுமா?

தரைப்படையில் முடியும், அங்கே அது சட்டபூர்வமான வியாபாரம். கடற்படையில் முடியாது. பணக்கார முட்டாளிடம் ஒரு படைப்பிரிவைக் கொடுத்தால் அது தோற்கும், அவ்வளவுதான். கப்பலைக் கொடுத்தால் எதிரியே இல்லாமல் மூழ்கும்.

தேர்வில் பாஸானால் உடனே லெப்டினன்டா?

இல்லை. இங்கேதான் பலபேர் வாழ்க்கை நின்றுபோனது. தேர்ச்சி என்பது தகுதி மட்டும். ஏதாவது ஒரு கப்பலில் இடம் காலியாகி, அந்தக் குறிப்பிட்ட கப்பலுக்கு உங்கள் பெயரில் ஆணை வந்தால்தான் லெப்டினன்ட். சிபாரிசு இல்லாதவர்கள் தேர்ச்சி பெற்ற மிட்ஷிப்மேனாகவே முப்பது வயதைத் தாண்டி, பதின்மூன்று வயதுப் பையன்களோடு கீழ்த்தளத்து இருட்டில் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போர் நடந்தால் இடம் காலியாகும். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனால் மஞ்சள் காய்ச்சலில் இன்னும் வேகமாகக் காலியாகும். அதனால் நோய் பிடித்த அந்தக் கடலுக்குப் போக விரும்பியவர்களும் உண்டு. அங்கே இருக்கும் தளபதி லண்டனைக் கேட்காமலே காலியிடத்தை நிரப்பலாம் என்பது இன்னொரு கவர்ச்சி.

அந்த அதிகாரத்தை அட்மிரல் ராட்னி பயன்படுத்திய விதத்தைச் சொல்லியாக வேண்டும். 1780-இல் அவர் மகன் ஜான் ராட்னிக்கு வயது 15. செப்டம்பரில் லெப்டினன்ட், அக்டோபரில் போஸ்ட் கேப்டன், அதாவது பெரிய கப்பலின் முழுக் கேப்டன். அந்தப் பையன் கடைசிவரை அட்மிரல் ஆகவில்லை என்பதும், பிற்காலத்தில் இலங்கை அரசின் தலைமைச் செயலாளராக உட்கார்ந்தார் என்பதும் உபரித் தகவல்.

கமாண்டர், போஸ்ட் கேப்டன்: என்ன வித்தியாசம்?

எந்தக் கப்பலை நடத்தினாலும் மரியாதைக்கு 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் சிறிய கப்பலை நடத்துபவர் கமாண்டர். ஏறத்தாழ 20 பீரங்கிகளுக்கு மேல் உள்ள, தரவரிசையில் சேர்ந்த கப்பலுக்கு நியமிக்கப்பட்டால்தான் போஸ்ட் கேப்டன். அந்த நியமனத் தேதி மிக முக்கியம். அன்றைக்குக் கேப்டன் பட்டியலின் அடியில் உங்கள் பெயர் சேரும். அதற்குப் பிறகு யாரும் உங்களைத் தாண்டிப் போக முடியாது.

இதைப் புரிந்துகொள்ள நெல்சனையும் அவர் நண்பர் கத்பர்ட் காலிங்வுட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காலிங்வுட் பத்து வயது மூத்தவர், 1761-இலேயே கப்பலேறியவர். ஆனால் ஜமைக்காவில் அட்மிரல் பீட்டர் பார்க்கரின் கீழ் இருந்தபோது, 'லோஸ்டாஃப்' கப்பலில் நெல்சன் விட்ட லெப்டினன்ட் இடம் காலிங்வுட்டுக்குக் கிடைத்தது. 'பேட்ஜர்' கப்பலில் நெல்சன் விட்ட கமாண்டர் இடமும் அவருக்கே. 'ஹின்சின்புரூக்' கப்பலில் கேப்டன் இடமும் அப்படியே. நெல்சன் 1779-இல் போஸ்ட் கேப்டன், வயது 20. காலிங்வுட் 1780-இல், வயது 30-ஐத் தாண்டி. ஒரு வருடத்துக்கும் குறைவான அந்த வித்தியாசம் பிறகு அழியவே இல்லை. 25 வருடம் கழித்து, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களோடு நடந்த டிராஃபல்கர் போரிலும் நெல்சன் தலைமைத் தளபதி, காலிங்வுட் இரண்டாம் இடம். அண்ணன் வயதுள்ளவர் தம்பி கழற்றிய சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரிதான். ஆனால் இருவருக்கும் இடையே பொறாமை வரவில்லை.

கேப்டனுக்குப் பிறகு அட்மிரல் ஆவது திறமையாலா?

ஆயுளால். போஸ்ட் கேப்டன் ஆனபிறகு வேண்டியதெல்லாம் இரண்டுதான்: சாகக்கூடாது, பெரிய குற்றம் எதுவும் செய்யக்கூடாது. மேலே இருப்பவர்கள் செத்துச் செத்துப் பட்டியல் நகரும். ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல் என்று படிகள். ஒவ்வொன்றிலும் நீலம், வெள்ளை, சிவப்பு என்று உட்பிரிவு.

சரி, பட்டியல் நகர்ந்து ஒரு உதவாக்கரையின் முறை வந்துவிட்டால்? அதற்கும் 1747 முதல் ஒரு வழி இருந்தது. அவரை எந்தப் படைப்பிரிவிலும் சேராத ரியர் அட்மிரலாக ஆக்கி, ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர்களுக்குக் கடற்படையில் 'மஞ்சள் அட்மிரல்' என்று கிண்டல் பெயர். இருக்கும் மூன்று நிறத்திலும் சேராத நிறம்.

ஏழை வீட்டுப் பையன் மேலே வர முடிந்ததா?

அபூர்வமாக. ஜேம்ஸ் குக் பண்ணைக் கூலித் தொழிலாளியின் மகன். நிலக்கரிக் கப்பல்களில் தொழில் கற்றுக்கொண்டு, 1755-இல், 26 வயதில், சாதாரண மாலுமியாகக் கடற்படையில் சேர்ந்தார். இரண்டே வருடத்தில் வழிகாட்டும் 'மாஸ்டர்' தேர்வில் தேறினார். கனடாக் கரையோரத்தை அவர் வரைந்த வரைபடங்கள்தான் அவருக்குச் சிபாரிசு. ஆனாலும் லெப்டினன்ட் ஆக 1768 வரை, போஸ்ட் கேப்டன் ஆக 1775 வரை காத்திருந்தார். ராட்னியின் மகன் ஒரு மாதத்தில் தாண்டியதைத் தாண்ட, உலகத்தையே இரண்டு முறை சுற்றி வந்த குக்குக்கு ஏழு வருடம் ஆனது. 1779-இல் ஹவாயில் கொல்லப்பட்டார்.

இன்னொருவர் ஜமைக்காவின் ஜான் பெர்கின்ஸ். கறுப்பின வம்சாவளியைச் சேர்ந்தவர். மேற்கிந்தியக் கடலின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தவர் என்பதால் தவிர்க்க முடியாமல் போய், 1800-இல் போஸ்ட் கேப்டன் ஆனார்.

லெப்டினன்டின் ஒரு நாள் எப்படிப் போகும்?

நான்கு மணி நேரக் காவல் முறை. மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிரித்திருப்பார்கள். இல்லாவிட்டால் தினமும் அதே ஆளுக்கு அதே நடுராத்திரி. அரை மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும். காவலில் இருக்கும் லெப்டினன்ட்தான் அந்த நேரத்தில் கப்பலுக்குப் பொறுப்பு: காற்று, பாய், சுக்கான், தூரத்தில் தெரியும் கப்பல், எல்லாம். உச்சி வேளையில் அதிகாரிகளும் மிட்ஷிப்மேன்களும் வரிசையாக நின்று சூரிய உயரம் அளப்பார்கள். பிறகு சாப்பாடு. லெப்டினன்ட்கள் சேர்ந்து பணம் போட்டுத் தங்கள் மேசையை நடத்துவார்கள். கேப்டன் மட்டும் தனியாகச் சாப்பிடுவார், யாரையாவது விருந்துக்கு அழைத்தால் தவிர. நடுக்கடலில் சில நூறு பேருக்கு நடுவே அந்த ஒருவர்தான் பேச ஆளில்லாதவர்.

சம்பளம் நன்றாக இருந்ததா?

மோசம். 1790-களில் சிறிய கப்பலின் லெப்டினன்டுக்கு 28 நாள் மாதத்துக்கு 5 பவுண்டு 12 ஷில்லிங். எல்லோர் கண்ணும் பரிசுப் பணத்தின் மேல்தான். எதிரிக் கப்பலைப் பிடித்தால், கப்பலையும் சரக்கையும் விற்று வரும் பணம் பிடித்தவர்களுக்கே. எட்டுப் பங்காகப் பிரிப்பார்கள். 1808 வரை மூன்று பங்கு கேப்டனுக்கு, அதில் ஒன்றை அவருடைய அட்மிரலுக்குக் கொடுத்துவிட வேண்டும். லெப்டினன்ட்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பங்கு. நூற்றுக்கணக்கான மாலுமிகளுக்குச் சேர்த்து இரண்டு பங்கு.

1799 அக்டோபரில் நான்கு ஃபிரிகேட்டுகள் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்கள்) சேர்ந்து 'தெட்டிஸ்', 'சான்டா பிரிகிடா' என்ற இரண்டு ஸ்பானிய வெள்ளிக் கப்பல்களைப் பிடித்தன. கேப்டன் ஒவ்வொருவருக்கும் 40,730 பவுண்டு. லெப்டினன்ட் ஒவ்வொருவருக்கும் 5,091. மேலே சொன்ன சம்பளத்தில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 70 வருட உழைப்பு, இரண்டு நாளில். மாலுமிக்கு 182 பவுண்டு. அதுவும் அவனுக்குப் பல வருடச் சம்பளம்தான்.

இது லாட்டரி. பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எதிரித் துறைமுகத்துக்கு வெளியே மாதக்கணக்கில் மழையிலும் காற்றிலும் காவல் நின்ற பெரிய கப்பல்களுக்குக் கிடைத்தது ஈரச் சட்டைதான்.

இவர்கள் நம் கரைக்கு வந்தார்களா?

வந்தார்கள். நெல்சனே வந்திருக்கிறார். 'சீஹார்ஸ்' கப்பலில் பதினைந்து வயதுப் பையனாக 1774-இல் மெட்ராஸுக்கு வந்து, இந்தக் கடலில் வணிகக் கப்பல்களுக்குக் காவல் போனார். 1775 பிப்ரவரியில் ஹைதர் அலியின் இரண்டு சிறு கப்பல்களோடு நடந்த சின்ன மோதல்தான் அவர் பார்த்த முதல் சண்டை. பிறகு மலேரியா தாக்கி, பிழைப்பாரா என்ற நிலையில் ஊருக்கு அனுப்பப்பட்டார்.

மெட்ராஸில் அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் போர்க்கப்பல்கள் கிளம்பிவிட வேண்டும், பெரும்பாலும் பம்பாய்க்கு. கிளம்பாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1761 புத்தாண்டு சாட்சி: புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்கள் பல புயலில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தக் கரைக்கு அருகே ஆண்டு முழுக்கப் பாதுகாப்பான இயற்கைத் துறைமுகம் என்றால் திருகோணமலைதான். அதனால்தான் அதற்கு அத்தனை அடிதடி.

1782–83-இல் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேனும் பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸும் இந்தக் கடலில் ஐந்து முறை மோதினார்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரையில் பிராவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். ஐந்திலும் 'பர்ஃபோர்ட்' கப்பலை நடத்தியவர் பீட்டர் ரெய்னியர். அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. பெரிய வெற்றி எதுவும் அவர் பெயரில் இல்லை. ஆனால் 1794 முதல் 1805 வரை கிழக்கிந்தியக் கடலின் தளபதி அவர். 1795-இல் திருகோணமலையை டச்சுக்காரர்களிடமிருந்து எடுத்தார். அடுத்த வருடம் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மசாலாத் தீவுகள். அங்கே அம்போய்னாவிலும் பண்டாவிலும் கிடைத்த பரிசுப் பணம் அவரைப் பெரும் பணக்காரர் ஆக்கியது. சாகும்போது தன் சொத்தில் பத்தில் ஒரு பங்கை நாட்டின் கடனை அடைக்க எழுதிவைத்தார். தளபதியின் எட்டில் ஒரு பங்கு பதினோரு வருடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கப்பலை இழந்தால்?

காரணம் எதுவானாலும் கேப்டன் மேல் கடற்படை நீதிமன்ற விசாரணை உண்டு. புயல், பாறை, எதிரி, கலகம், எல்லாவற்றுக்கும். அது தண்டனை அல்ல, வழக்கம். குற்றம்சாட்டப்பட்டவரின் வாளை மேசையில் வைத்திருப்பார்கள். தீர்ப்புக் கேட்க உள்ளே வரும்போது அதன் முனை அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தால் கதை முடிந்தது.

வில்லியம் பிளை 'பவுண்டி' கப்பலை 1789-இல் கலகக்காரர்களிடம் இழந்து, திறந்த படகில் 18 பேரோடு 6,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து திமோர் சேர்ந்தார். 1790 அக்டோபரில் விசாரணை, விடுதலை. அந்த வருடம் முடிவதற்குள் போஸ்ட் கேப்டனும் ஆகிவிட்டார். பிறகு ஆஸ்திரேலியாவில் ஆளுநராக இருந்தபோது இன்னொரு கலகம். ஆனாலும் வைஸ் அட்மிரலாகத்தான் இறந்தார். பட்டியல் நகர்ந்தால் நகர்ந்ததுதான்.

எதிர்ப்பக்க உதாரணம் அட்மிரல் ஜான் பிங். 1756-இல் மினோர்காத் தீவைக் காப்பாற்றத் தவறினார். கோழை அல்ல என்று நீதிமன்றமே சொன்னது. ஆனால் 'தன்னால் ஆன அத்தனையும் செய்யவில்லை' என்ற குற்றத்துக்குச் சட்டத்தில் மரண தண்டனை தவிர வேறு இல்லை. 1757 மார்ச் 14 அன்று 'மொனார்க்' கப்பலின் தளத்தில் சுட்டுக் கொன்றார்கள். அமைச்சர்களின் தவறுக்கு அவர் தலை உருண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குடும்பம்?

காலிங்வுட்டுக்கு இரண்டு மகள்கள். 1803-இல் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. டிராஃபல்கருக்குப் பிறகும் மத்தியதரைக் கடலை அவர்தான் கவனிக்க வேண்டியிருந்தது. உடம்பு கெட்டு, விடுப்புக் கேட்டுக் கேட்டு, கடைசியில் 1810 மார்ச்சில் ஊருக்குக் கிளம்பினார். கிளம்பிய மறுநாள் கப்பலிலேயே இறந்தார். வீட்டில் இருந்த கொஞ்ச நாட்களில் சட்டைப் பையில் ஓக் விதைகளைப் போட்டுக்கொண்டு நடக்கப் போவாராம், காலியிடம் பார்த்தால் விதைப்பாராம். கப்பல் கட்ட ஓக் மரம் வேண்டுமே.

போர் முடிந்தால் என்ன ஆகும்?

அரைச் சம்பளம். வேலையும் இல்லை, ராஜினாமாவும் இல்லை. நெல்சனே 1787 முதல் 1793 வரை தந்தையின் கிராமத்தில் தோட்டம் பார்த்துக்கொண்டு, கப்பல் கேட்டு லண்டனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பிரான்ஸோடு போர் நெருங்கியபோதுதான் 'அகமெம்னான்' கிடைத்தது.

1815-க்குப் பிறகு நிலைமை படுமோசம். 1,40,000 பேர் இருந்த கடற்படை இரண்டே வருடத்தில் சுமார் 20,000 ஆகச் சுருங்கியது. மாலுமிகளை அனுப்பிவிடலாம், அதிகாரிகள் பட்டியலில் இருப்பார்களே! பத்தில் ஒன்பது பேர் கரையில் உட்கார்ந்தார்கள். காக்ரேன் மாதிரி சிலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். பங்குச் சந்தை மோசடி வழக்கில் 1814-இல் நீக்கப்பட்ட அவர், சிலி, பிரேசில், கிரீஸ் என்று மூன்று நாட்டுக் கடற்படைகளை நடத்திவிட்டு, 1832-இல் மறுபடி பிரிட்டிஷ் ரியர் அட்மிரலாகச் சேர்க்கப்பட்டார்.

இந்தச் சீனியாரிட்டி முறையால் அதிகபட்சம் பயனடைந்தவர் யார்?

சந்தேகமே இல்லாமல் ப்ரோவோ வாலிஸ். 1791-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்தார். நான்கு வயதில், 1795-இல், அப்பா அவர் பெயரை ஒரு ஃபிரிகேட்டில் 'தேர்ந்த மாலுமி' என்று பதிந்துவிட்டார். 1813-இல் 'ஷானன்' கப்பல் அமெரிக்காவின் 'செசபீக்' கப்பலைப் பிடித்தபோது கேப்டனுக்குப் பலத்த காயம், முதல் லெப்டினன்ட் சாவு. இரண்டாவது லெப்டினன்டான வாலிஸ் கப்பலை ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டுவந்தார். ஆறு நாள்.

1870-இல் அதிகாரிகளுக்குக் கட்டாய ஓய்வு கொண்டுவந்தபோது, பிரெஞ்சுப் போர்க் காலத்தில் ஒரு கப்பலை நடத்தியவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அந்த ஆறு நாளை வைத்து வாலிஸ் பணிப்பட்டியலிலேயே இருந்தார். 1877-இல் கடற்படையின் மிக உயர்ந்த பதவி. கீழே காத்திருந்தவர்கள் நொந்துபோய், தயவுசெய்து ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று தூது அனுப்பிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. 1892 பிப்ரவரியில், நூறு வயதில், முழுச் சம்பளம் வாங்கும் அதிகாரியாகவே இறந்தார்.